கொண்டுபோகாத விதை

1

விமான நிலையத்தில் அழுகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது புறப்படும் வாசலில் நடக்கும். வந்து இறங்கிய பிறகு, சுங்க அதிகாரியின் முன்னால் நின்று அழுதவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் திருவனந்தபுரத்திலிருந்து கனடாவுக்குத் திரும்பியபோது நடந்தது இது. கூண்டுக்குள் நின்ற பெண்ணுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "செடி, விதை, மண் ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா?" இத்தனை வருஷமாகக் கேட்கிற கேள்வி. தூக்கத்தில் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவேன். அன்று வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. நிறுத்த முடியவில்லை.

அவள் பயந்துவிட்டாள். குரலைத் தாழ்த்தி, "கறிவேப்பிலையா? பரவாயில்லை, எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அபராதம் போட மாட்டேன்" என்றாள். இந்தியப் பெண்கள் இந்த இடத்தில் கலங்கினால் காரணம் கறிவேப்பிலையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நேந்திரங்காய் வற்றல், முறுக்கு, அண்ணன் மனைவி, என் மதினி, கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய், நாலு புடவை. விதை என்று சொல்ல ஒரு கடுகு கூட இல்லை. அவளே பெட்டியை மூடி, "மன்னியுங்கள், அம்மா" என்றாள்.

வெளியே காத்திருந்த என் கணவர் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். குளிர் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் மேலே கேட்கவில்லை. அவரிடம் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும்.

2

நான் விஞ்ஞானி இல்லை. நாகர்கோவிலில் தாவரவியல் படித்தேன். கல்யாணமாகி, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் பனி ஊருக்கு வந்தேன். மகன் அருண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஹவுஸில் வேலை கிடைத்தது. விதை போடுவது, தண்ணீர் விடுவது, பூச்சி பார்ப்பது, இலை அறுப்பது. வெளியே எச்சில் உறையும் குளிர். உள்ளே நம்மூர் சித்திரை மாதத்துப் புழுக்கம். இரண்டுக்கும் நடுவே இரண்டு கதவுகள். ஒன்றை மூடாமல் மற்றொன்றைத் திறக்க முடியாது. உள்ளே போகும்போது செருப்பு மாற்ற வேண்டும், கோட்டு மாற்ற வேண்டும். வெளியே வரும்போது மேலெல்லாம் தட்டி உதற வேண்டும். வாடிய இலைகூடக் குப்பைக்குப் போகாது. நீராவிக் கொப்பரையில் வெந்து கூழான பிறகுதான் வெளியே போகும்.

அவ்வளவு காவல் எதற்கென்றால், அங்கே வளர்ந்தது மரபணு மாற்றிய லெட்டூஸ் கீரை.

குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை. மிட்டாய் தின்று வருவதில்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையாளி என்று நினைத்து அழித்துவிடும். அழிந்தது திரும்பி வராது. பிறகு உயிருள்ளவரை ஊசிதான். எங்கள் ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் மார்கரெட்டின் எண்ணம் எளிமையானது. வாய் வழியாகப் போவதை உடம்பு பொதுவாகச் சாப்பாடு என்றுதான் எடுத்துக்கொள்ளும், அதன்மேல் சண்டைக்குப் போகாது. அப்படியானால், எந்தப் புரதத்தைக் கண்டு உடம்பு மிரளுகிறதோ அதையே ஒரு கீரைக்குள் விளையவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்தால் என்ன? இலையின் தோலும் நாரும் அதை வயிற்று அமிலத்திலிருந்து காப்பாற்றிக் குடல்வரைக்கும் கொண்டுபோகும். உடம்பு அதோடு பழகிக்கொள்ளலாம். நோய் வருவதற்கு முன்னால் கொடுத்தால், வராமலே போகலாம்.

கீரைத்தூள் தின்ற எங்கள் எலிகளில் பல தப்பித்தன. தின்னாதவற்றில் பல நோயில் விழுந்தன. "எலி மனிதரில்லை" என்று மார்கரெட் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். சொன்னாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். எங்களுக்கும் இருந்தது.

அந்த வெளிச்சத்தை ஊரில் யாரிடமும் காட்ட முடியாது. காரணம் என் அண்ணன்.

அண்ணன் ஆறுமுகத்துக்குத் திருவனந்தபுரத்துப் பெரிய கடைவீதியான சாலைக் கம்போளத்தில் அரிசி மொத்தக்கடை. அப்பாவிடமிருந்து வந்த கடை. மரபணு மாற்றிய பயிர் என்றாலே அவருக்கு ஆகாது. விதை கம்பெனிக்காரன் கைக்குப் போனால் விவசாயி அடிமை, பிறகு வியாபாரி அடிமை, பிறகு தின்கிறவன் அடிமை என்பார். வியாபாரிகள் சங்கத்தின் ஊர்வலத்தில் பதாகையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நடந்தவர். கடை வாசலிலே, மரபணு மாற்றிய சரக்கு இங்கே கிடையாது என்று மலையாளத்திலும் தமிழிலும் பலகை எழுதி வைத்தார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்தான். ஆனால் நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து போனில் எங்களுக்குள் ஒரு முள் கிடந்தது.

"ஏட்டி, நான் இங்க ஒரு மூட்டையும் ஏத்தமாட்டேன்னு நிக்கேன். நீ அங்க விஷத்துக்குத் தண்ணி ஊத்துக. நல்லாருக்கு" என்பார்.

"விஷம் இல்லண்ணே. மருந்து மாதிரி."

"மருந்துன்னா மருந்துக்கடையில இருக்கட்டும். சோத்துல எதுக்கு?"

பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசுவோம்.

3

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மூத்த மகள் தேவிகா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அதற்குமுன் சில வாரங்களாகவே குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறாள், மெலிந்திருக்கிறாள். பரீட்சைப் பயம் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு ஷுகர்னு சொல்லுகாவ. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிட்டீ ஷுகர் வரும்? லாபுக்காரன் ஆள் மாத்திட்டான்னு நெனைக்கேன்."

ஆள் மாறவில்லை. நான் கிரீன்ஹவுஸில் கையுறையோடு நின்றுகொண்டிருந்தேன். என் முன்னால் மேசை நிறையக் கீரை, பச்சைப்பசேலென்று.

தேவிகா பிழைத்துவிட்டாள். ஊசி போடப் பழகினாள். அண்ணனும் மதினியும் பழகினார்கள். ஒரு பரிசோதனையில், இளையவள் நந்தினியின் இரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பார்த்தார்கள். அவளுக்கு நோய் இல்லை. ஆனால் உடம்பு சண்டைக்குத் தயாராகிவிட்டதற்கான அடையாளங்கள் இரத்தத்தில் இருந்தன. வரலாம் என்றார் டாக்டர். எப்போது என்று தெரியாது. தடுக்க இங்கே கையில் ஒன்றுமில்லை, கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்.

நந்தினிக்கு அப்போது ஆறு வயது. முன்பல் விழுந்திருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வீடியோவில் வந்தார். பின்னால் யாரும் இல்லை. கடை மாடியில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். 

"கோமதி, நீ அங்க வளக்கியே, அந்த எல. அது இதுக்குள்ளதுதானே?"

"ஆமாண்ணே. ஆனா..."

"அதத் தின்னா என்ன ஆவும்?"

"ஒடம்போட அந்தக் கொணம் மாறும். மாறலாம். இன்னும் மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கலண்ணே."

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்ன வாக்கியத்தில் என்ன நடந்துவிட்டதென்று எனக்கு மறுநாள் மதினி கூப்பிட்டபோதுதான் விளங்கியது.

எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம். "காய்ச்சல் மாறியா?" என்று கேட்டால் காய்ச்சல் விட்டதா என்று அர்த்தம். நோய் மாறும் என்றால் குணமாகும் என்று அர்த்தம். அந்தப் பேச்சில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் இங்கே வந்தபின் என் தமிழ், சென்னைக்காரர்களோடும் யாழ்ப்பாணத்துக்காரர்களோடும் கோயில் அன்னதான வரிசையில் பேசிப் பேசி வேறாகிவிட்டது. மாறும் என்பது எனக்கு வெறும் மாறுதல்தான். அண்ணன் காதில் அது குணமாகும் என்று விழுந்திருக்கிறது. பின்னால் நான் சொன்ன "லாம்" விழவேயில்லை.

"அண்ணன் சொன்னாவ, மாறும்னு நீ சொன்னியாமே" என்றாள் மதினி செல்வி.  "ரெண்டு பேருக்கும் மாறுமா கோமதி?"

இல்லை என்று விளக்கினேன். தேவிகாவுக்கு இனி அதனால் பயனில்லை, அழிந்த செல் திரும்பாது. நந்தினிக்கும் நிச்சயமில்லை, எலிக்கு நடந்தது அவளுக்கு நடக்காமல் போகலாம், அளவு தப்பினால் தூங்குகிற சண்டையைத் தட்டி எழுப்பினாலும் எழுப்பும். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "ஆனா மாறவும் செய்யலாம், அல்லே?" என்றாள்.

இல்லையா என்பதற்கு எங்கள் வீட்டில் அல்லே. அல்லே என்று கேட்டால் அல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4

அந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். அண்ணன் வீடு ஆரியசாலையில். நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் என் பெட்டியின் மேல் இருந்தது. எனக்காகத்தான் காத்திருந்தார்கள் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெட்டிக்காகத்தான் காத்திருந்தார்கள்.

விதை எடுத்து வரவில்லை என்றதும் அண்ணன் கோபப்படவில்லை. "செரி, முறைப்படி கேப்போம்" என்றார். மறுநாள் என்னைத் தம்பானூர் பக்கத்தில் இருந்த ஒரு சர்க்கார் விவசாய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வியாபாரத்துக்குப் போகிற மாதிரியே உடுத்தியிருந்தார். ஒரு பெஞ்சில் காத்திருந்தோம்.

அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அண்ணனை உற்றுப் பார்த்து, "சேட்டனெ எவிடெயோ கண்டிட்டுண்டல்லோ" என்றார். எங்கோ பார்த்த முகம் என்கிறார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரிக்கே ஞாபகம் வந்துவிட்டது. "அன்னு ஜாதையில முன்பில்! இந்த கேட்டு முன்னாடியல்லே நின்னு முத்ராவாக்யம் விளிச்சது?" என்று சிரித்தார். கேலியில்லை. பழகியவரைப் பார்த்த சந்தோஷம்தான். ஊர்வலத்தின் முன்னால் வந்து, இந்த வாசலில் நின்றுதான் அண்ணன் மரபணு மாற்றிய பயிர் வேண்டாம் என்று முழக்கம் போட்டிருக்கிறார். "இப்ப எந்தா காரியம்?" என்று அவர் கேட்டபோது அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

அதிகாரி சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்காகத் தமிழில் பேச முயன்றார்.

"சகோதரி, இது செடியா, மருந்தா?"

"செடிதான் சார். மருந்தா வேலை செய்யலாம்."

"செடின்னா டெல்லியில ஒரு கமிட்டி. மருந்துன்னா டெல்லியில வேற டிபார்ட்மென்ட். ரெண்டும்னா..." கையை விரித்தார். "ரெண்டும்னு எழுத ஃபாரத்தில ஒரு கட்டம் இல்ல. பின்ன, கேரளத்தில இதுக்கு அனுமதி... சேட்டனுக்குத் தெரியுமல்லோ. இவரெல்லாம் சேர்ந்துதானே வேண்டான்னு சொன்னது."

இதே கேள்வியை மார்கரெட்டிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கனடாவில் உணவுக்காரர்கள் இது மருந்து என்பார்கள். மருந்துக்காரர்கள் முதலில் செடிக்கு அனுமதி வாங்கி வா என்பார்கள். உலகம் முழுக்க ஒரே பெஞ்சுதான்.

வெளியே வந்ததும் அண்ணன் ஆட்டோ பிடிக்காமல் நடந்தார். நானும் நடந்தேன். மேம்பாலத்தின் மேல் நின்று, கீழே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அன்னைக்குச் சொன்னதும் சரிதான்ட்டீ. இப்பவும் அதத்தான் சொல்லுவேன். ஆனா என் பிள்ளைக்கு வேணும். ரெண்டும் நெஜம். என்ன செய்யச் சொல்லுக?"

அன்று மத்தியானம் அடுக்களையில் மதினி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவியலுக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த விதை ரொம்பச் சின்னதோ?"

"எள்ளை விடச் சின்னது மதினி."

"ஒரு சாந்துப்பொட்டு டப்பாவில வச்சா ஆருக்குத் தெரியும்? மொட்டமாடியில நான் வளப்பேன். ஒரு குருவி கொத்தாம பாத்துப்பேன். ஆருக்கும் சொல்லமாட்டேன். நீ கொண்டுவந்தேன்னு வீட்டுலகூடச் சொல்லவேண்டாம்."

"என் வேலை போயிரும்னு நான் பயப்படல மதினி."

"பின்ன?"

"எவ்வளவு குடுக்கணும்னு தெரியாது. குடுத்து அதனாலயே சீக்கிரம் வந்துட்டா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "குடுக்காமலும் வரும்னுதானே டாக்டர் சொல்லுகாரு" என்றாள்.  

முடியாது என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், இருவருக்கும் ஒரே அர்த்தமுள்ள சொல்லில். அவள் முருங்கைக்காயை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அந்த லீவு முழுவதும் எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் தேவிகா என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். துணி எடுக்க என்று சொல்லித்தான் கூப்பிட்டாள். கொடியில் ஒரு துணியும் இல்லை.

"அத்தை, எனக்கு அதுனால ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். அருண் மெசேஜ்ல சொன்னான்."

என் மகன் வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன். தேவிகா தமிழைவிட மலையாளத்தில் வேகமாகப் பேசுகிறவள். அவர்கள் இருவரும் இங்கிலீஷில் இவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"அப்பாகிட்ட சொல்லல்லயா?"

"வேண்டாம். அப்பாவுக்கு என்னையும் சேத்து மாறும்னு ஒரு நெனப்பு. அது இருந்தா அப்பா நந்துவுக்காக இன்னும் கொஞ்சம் ஓடும். இல்லெங்கில் தளந்து இருந்திரும்." பிறகு கேட்டாள், "நந்துவுக்காவது கிட்டுமா, அத்தை?"

பார்க்கிறேன் என்றேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் சொல்கிற அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் நான் பார்க்கவே செய்தேன்.

5

திரும்பியதும் மார்கரெட்டிடம் எல்லாம் சொன்னேன். அவர் மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுமதி கேட்டிருப்பதாகவும், வந்தால் நந்தினி மாதிரிக் குழந்தைகள்தான் அதில் சேர வேண்டியவர்கள் என்றும் சொன்னார். இந்தியக் குழந்தையைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். முயலலாம் என்றார்.

அன்று முதல் நான் வேலை செய்த விதமே வேறு. செடி ஒன்று வாடினால் நந்தினிக்கு ஏதோ ஆன மாதிரி இருக்கும். கீரைகளோடு தமிழில் பேசத் தொடங்கியிருந்தேன். கூட வேலை செய்யும் பையன்கள் சிரிப்பார்கள்.

அனுமதி வரவில்லை. மறுத்தும் கடிதம் வரவில்லை. இன்னொரு விவரம் கேட்டார்கள், கொடுத்தோம். இன்னொன்று கேட்டார்கள். இதற்கிடையில் எங்களுக்குப் பணம் கொடுத்துவந்தவர்களுக்கு வேறு ஆராய்ச்சியில் ஆசை வந்துவிட்டது. ஒரு வசந்தகாலத்தில், வெளியே பனி உருகிக்கொண்டிருந்தபோது, மார்கரெட் எங்களைக் கூட்டி நிறுத்திச் சொன்னார். கொஞ்சம் விதை குளிர்பெட்டியில் இருக்கும். செடிகளை அழித்துவிட வேண்டும்.

அழிக்கும் வேலை என்னுடையது. மேசை மேசையாக அறுத்துப் பையில் போட்டு நீராவிக் கொப்பரையில் வைத்தேன். வேகும்போது வந்த வாசம் நம் வீட்டில் கீரை வேகிற வாசம்தான். ஒரு வித்தியாசமும் இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை வீட்டில் அருணிடம் சொன்னேன். அவனுக்கு அப்போது பதினெட்டு. "நீ அன்னைக்கே கொண்டுபோயிருக்கலாம், அம்மா" என்றான். தமிழில் சொன்னான். வருஷக்கணக்காக அவனிடமிருந்து முழுசாய் ஒரு தமிழ் வாக்கியம் வராதா என்று ஏங்கியவள் நான். வந்த வாக்கியம் இது.

"அது தப்பு அருண். சோதிக்காத ஒண்ணக் கொழந்தைக்குக் குடுக்கக் கூடாது."

"ஐ நோ" என்றான். எழுந்து வந்து என் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றான். "ஐ நோ, அம்மா. ஸ்டில்."

6

இந்த வருஷம் ஓணத்துக்குச் சற்று முன்னால் நந்தினிக்கு நோய் வந்துவிட்டது. பதினோரு வயது. அக்காவுக்கு வந்ததைப் பார்த்திருந்ததால் இவள் மயங்கி விழும்வரை யாரும் காத்திருக்கவில்லை. தண்ணீர்ப் பாத்திரம் சீக்கிரம் காலியாகிறது என்று தேவிகாதான் கண்டுபிடித்து, தன்னுடைய கருவியிலேயே தங்கையின் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறாள். எண்ணைப் பார்த்துவிட்டு, பெற்றோரிடம் சொல்வதற்கு முன்னால் எனக்குத்தான் செய்தி அனுப்பினாள். ஒரே ஒரு வரி: "அத்தை, நந்துவுக்கும் வந்தாச்சு."

டிக்கெட் போட்டுக்கொண்டு போனேன். போய் நான் செய்ய ஒன்றுமில்லை. நந்தினி என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கீரைக் கதையே தெரியாது. சின்னவள் என்று யாரும் சொல்லவில்லை. ஊசி போட்ட இடத்தைக் காட்டி, "வேதனையொண்ணும் இல்ல அத்தை, உறும்பு கடிக்கிற மாதிரி" என்றாள். மதினி என்னை உட்காரவைத்துச் சோறு போட்டாள். பேச்சில் குறை வைக்கவில்லை. அண்ணன் மட்டும் விடிந்ததும் கடைக்குப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஒருநாள் நானே சாலைக் கம்போளத்துக்குப் போனேன். கடை வாசலில் அந்தப் பலகை இருந்தது. தமிழ் எழுத்து மங்கிவிட்டது, மலையாளம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்து, "டீ குடிக்கியா?" என்றார். குடித்தேன். மூட்டை இறக்குகிறவர்கள் வந்தார்கள். எழுந்து போய்விட்டார்.

புறப்படும் நாளில் அவரே காரோட்டி வந்தார். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய், தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். நான் பயணம் போகும்போதெல்லாம் செய்வது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ அன்னைக்கு அதக் கொண்டுவந்திருந்தா நான் பிள்ளைக்குக் குடுத்திருப்பேன், கேட்டியா? யோசிச்சிருக்கமாட்டேன். குடுத்தும் வந்திருந்தா, உன்னாலதான் வந்ததுன்னு சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். நீ செஞ்சது சரிதான்."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிதான்னு தலைக்குத் தெரியுது கோமதி. மனசு கேக்கமாட்டேங்கு. ராத்திரி அவ படுத்துக் கிடக்கதப் பாக்கும்போதெல்லாம், ஒருவேளை அந்த எல இருந்திருந்தான்னு தோணுது. உன் முகத்தப் பாத்தாலும் அதுதான் தோணுது. அதனாலதான் கடையிலயே கிடந்தேன். உம்மேல கோபமில்ல. ஆனா பாக்கமுடியல. தப்பா எடுக்காத."

"எனக்கும் அதுதாண்ணே தோணுது" என்றேன். அதைத் தவிர வேறென்ன சொல்ல? ஒருவேளை கிடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒருவேளை இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்துத்தான் நான் கொப்பரையில் வேகவைத்தேன்.

பின்னால் ஒரு பஸ் ஒலியெழுப்பியது. அண்ணன் வண்டியைக் கிளப்பினார். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, என் கையில் தந்தார். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். முன்பெல்லாம் நான் கண்ணுக்கு மறையும்வரை நிற்பார்.

அந்தப் பயணம் முடிந்து இறங்கிய இடத்தில்தான் அந்தப் பெண் என்னிடம் விதை இருக்கிறதா என்று கேட்டாள்.

7

இப்போது கிரீன்ஹவுஸில் பட்டாணி வளர்க்கிறோம். வறட்சி தாங்குமா என்று பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். மார்கரெட் ஓய்வு பெற்றுவிட்டார். வேறு சில நாடுகளில் யாரோ இதே வழியில் முயன்றுகொண்டிருக்கிறார்கள் என்று எப்போதாவது செய்தி அனுப்புவார். நான் அதை அண்ணனுக்கு அனுப்புவதில்லை. தேவிகாவுக்கு அனுப்புகிறேன். அவள் கல்லூரியில் நுண்ணுயிரியல் சேர்ந்திருக்கிறாள். படித்துவிட்டு அருணோடு இங்கிலீஷில் விவாதிக்கிறாள். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதில் வருத்தமில்லை, இந்த ஒரு விஷயத்தில்.

ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. மதினி பேசுகிறாள். நந்தினி தன் பள்ளிக்கூடத்து நாடகத்தைப் பற்றி மூச்சுவிடாமல் மலையாளத்தில் சொல்கிறாள். அண்ணன் வருவதில்லை. கடையில் இருக்காவ என்பாள் மதினி. ஞாயிற்றுக்கிழமை சாலைக் கம்போளத்தில் கடை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன வாரம் நந்தினி பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டாள். திரையில் வெறும் நாற்காலி. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலில்லை. வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது அண்ணன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க மழையா?" என்றார்.

"மழையில்லண்ணே. பனி."

"ம்."

 இருவரும் போனை வைக்கவில்லை. எனக்குப் பின்னால் பனி விழுவதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.